மூன்று மீட்டர் தூரமும் ஒரு ஸ்டாப்வாட்சும்

கைப்பிடி உள்ள ஒரு நாற்காலி, அதிலிருந்து 3 மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கோடு, இயன்முறை மருத்துவரின் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். சொன்னதும் முதியவர் எழுந்து, தன் வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான் பரிசோதனை. கனடாவைச் சேர்ந்த டயான் பொட்சியாட்லோவும் சாண்ட்ரா ரிச்சர்ட்சனும் 1991இல் இதை வகுத்துத் தந்தார்கள். நல்ல உடல்நிலையில் இருப்பவர் 10 விநாடிக்குள் முடித்துவிடுவார். 30 விநாடியைத் தாண்டினால், அன்றாட வேலைகள் பலவற்றுக்குப் பிறர் துணை தேவைப்படும் நிலை என்று கொள்ளலாம். விநாடிகளைத் தவிர, கவனிப்பவருக்கு வேறு பலவும் தெரியவரும்: எழுந்திருக்கக் கைப்பிடியை அழுத்தினாரா, திரும்பும் இடத்தில் இரண்டு எட்டு வைத்தாரா ஆறேழு எட்டு வைத்தாரா, உட்காரும்போது மெல்ல இறங்கினாரா, தொப்பென்று விழுந்தாரா. தொடையில் வலு குறைந்ததும் சமநிலை தடுமாறுவதும் இந்தச் சின்னச் சின்ன அசைவுகளில்தான் முதலில் வெளிப்படும்.

இவ்வளவு எளிய பரிசோதனையைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. பிசியோதெரபியில் அளவீடு என்பது சிகிச்சைக்கு முன்னால் முடித்துவிடும் சடங்காக இருக்க முடியாது. அது சிகிச்சையின் ஓர் உறுப்பு. 'இப்போ எப்படி இருக்கு?' என்ற கேள்வியும் 'பரவாயில்லை' என்ற பதிலும் அன்பானவை, ஆனால் நம்பி முடிவெடுக்கப் போதுமானவை அல்ல. பக்கவாதம் வந்தவரின் கை கால் அசைவு பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில்தான் வேகமாகத் திரும்புகிறது. அதில் ஒரு பங்கு எந்தச் சிகிச்சை தந்தாலும் தானாகவே திரும்பக்கூடியது. திடீரென்று பிடித்துக்கொள்ளும் இடுப்புவலியும் பலருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் எந்தக் கருவியை உடம்பில் வைத்திருந்தோமோ, பெருமை அதற்குப் போய்விடுகிறது. மருத்துவரும் ஏமாறலாம், நோயாளியும் ஏமாறலாம். இருவருடைய நேர்மையிலும் குறை இல்லாமலேயே இது நடக்கும்.

நல்லெண்ணமும் தர்க்கமும் சேர்ந்துகூட நம்மைத் தவறான இடத்தில் கொண்டுவிடும் என்பதற்கு 'அவெர்ட்' ஆய்வு ஒரு பாடம். பக்கவாத நோயாளியைப் படுக்கையிலேயே விட்டுவைத்தால் நெஞ்சில் சளி கட்டும், தசை கரையும், ரத்தம் உறையும். அதனால் முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி, அடிக்கடி நடக்க வைப்பது நல்லது என்று பலரும் கருதினார்கள். ஆஸ்திரேலியாவின் ஜூலி பெர்ன்ஹார்ட் தலைமையில் 5 நாடுகளில், 56 மருத்துவமனைகளில், 2,104 நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டது. 2015இல் வெளியான முடிவு எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக இருந்தது. மூன்று மாதத்தில் பெரிதாகப் பிறர் துணையின்றி வாழும் நிலையை எட்டியவர்கள், தீவிரமாக எழுப்பப்பட்ட பிரிவில் 46 சதவீதம். வழக்கமான கவனிப்புப் பெற்ற பிரிவில் 50 சதவீதம். பிறகு செய்த பகுப்பாய்வு, ஆரம்ப நாட்களில் நீண்ட நேரம் பயிற்சி தருவதைவிடச் சிறுசிறு நேரமாகப் பலமுறை எழுப்புவது நல்லது என்று சுட்டியது. மாத்திரைக்கு அளவு உண்டு என்று ஏற்கும் நாம், உடற்பயிற்சிக்கும் அளவு உண்டு என்பதை இந்த எண்கள் வழியாகத்தான் கற்றுக்கொண்டோம்.

நம் நாட்டிலேயே நடந்த 'அட்டெண்ட்' ஆய்வும் இதே வகை. பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர்கள் போதுமான அளவில் இல்லாத இந்தியாவில், வீட்டார் ஒருவருக்கே பயிற்சிமுறைகளைக் கற்றுக்கொடுத்து அனுப்பினால் என்ன என்று 14 மருத்துவமனைகளில் பக்கவாதம் வந்த 1,250 பேரிடம் சோதித்தார்கள். குடும்பப் பிணைப்பு வலுவான நாட்டில் இது பலிக்கும் என்றே யாரும் நினைப்பார்கள். 2017இல் வந்த முடிவின்படி, ஆறு மாதத்தில் இறந்தவர்களையும் பிறரைச் சார்ந்து வாழ்ந்தவர்களையும் சேர்த்து எண்ணினால், வீட்டார் பயிற்சி தந்த பிரிவிலும் வழக்கமான கவனிப்புப் பெற்ற பிரிவிலும் அதே 47 சதவீதம். அந்த ஆய்வு இல்லாதிருந்தால், மருத்துவர் செய்ய வேண்டிய வேலையை மகள் தலையிலும் மருமகள் தலையிலும் சுமத்திவிட்டு, மறுவாழ்வுச் சேவை தந்துவிட்டோம் என்று நிம்மதி அடைந்திருப்போம்.

அப்படியென்றால் பிசியோதெரபியே பயனற்றதா என்று கேட்கலாம். இல்லை என்பதற்கும் அளவீடுதான் சாட்சி. பக்கவாதத்தால் தளர்ந்த கையை நோயாளி மெல்ல மெல்லப் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறார். மூளையும் அந்தக் கையை மறக்கப் பழகிவிடுகிறது என்றார் ஆய்வாளர் எட்வர்ட் டாப். நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, தளர்ந்த கையையே இரண்டு வாரம் தீவிரமாக வேலை வாங்கும் முறை இந்தக் கருத்திலிருந்து பிறந்தது. அமெரிக்காவில் பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரிடம் அதைச் சோதித்த 'எக்ஸைட்' ஆய்வு 2006இல் வெளியானது. பென்சிலை எடுப்பது, சாவியைத் திருப்புவது, துண்டை மடிப்பது போன்ற வேலைகளுக்கு எடுத்த நேரம் ஓராண்டில் சராசரியாக 19.3 விநாடியிலிருந்து 9.3 விநாடியாகக் குறைந்தது. ஒப்பீட்டுப் பிரிவில் 24 விநாடி 17.7 ஆனது. அந்தப் பிரிவும் முன்னேறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் சிகிச்சையின் உண்மையான பங்கு எவ்வளவு என்று சொல்ல முடிந்தது.

எதை அளப்பது என்பதும் முக்கியம். இடுப்புவலி என்றதும் ஸ்கேன் எடுத்து, முதுகெலும்புத் தட்டு தேய்ந்திருக்கிறது என்று கேட்டு மனம் உடைபவர்கள் ஏராளம். வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வில், 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் தட்டுத் தேய்மானம் தெரிந்தது. கட்டி, எலும்பு முறிவு, நரம்பு நசுங்கல் போன்ற சந்தேகம் இருந்தால் படம் அவசியம். மற்றபடி, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, குனிந்து குடத்தைத் தூக்க முடிகிறதா, இரவில் எத்தனை முறை வலியால் விழிக்கிறார் என்பவையே மாற்றத்தைக் காட்டும் அளவுகள்.

மனிதரை எண்ணாகச் சுருக்குவது தகுமா என்ற மறுப்பை மதிக்கிறேன். ஆனால் தானே சட்டைப் பொத்தான் போட வேண்டும், படியேறிக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று நோயாளி சொல்லும் ஆசையையே இலக்காக எழுதி, அதை எவ்வளவு எட்டினார் என்று பார்ப்பதும் அளவீடுதான். அவர் குரலுக்குக் குறிப்பேட்டில் இடம் கிடைப்பது அப்போதுதான். கூட்டம் நெரியும் அரசு மருத்துவமனையில் நேரம் ஏது என்பது இன்னொரு மறுப்பு. நாற்காலிப் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். பயன் தராத கருவியில் பத்து நாள் படுக்க வைப்பதைவிட அது சிக்கனம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்திருக்கிறது. அந்த வாசலிலும் ஒரு நாற்காலியும் மூன்று மீட்டர் இடமும் இருக்கும். முதல் நாளே ஓர் எண்ணையும் ஓர் இலக்கையும் நோட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை. நான்கு வாரம் கழித்து அவை மாறவில்லை என்றால், மாற வேண்டியது சிகிச்சைமுறை. அந்தப் பேச்சை மருத்துவரிடம் தொடங்க, நோட்டில் இருக்கும் அந்த ஒரு வரி போதும்.