மெய்நிகர் நேர்காணலும் நேரடி நேர்காணலும்: விண்ணப்பதாரரின் பதற்றமும் தன்னம்பிக்கையும்

மெய்நிகர் நேர்காணல் என்பது வேலைக்கு விண்ணப்பித்தவரும் நேர்காணல் குழுவினரும் ஒரே அறையில் இல்லாமல், கணினி அல்லது திறன்பேசி வழியாக ஒருவரையொருவர் பார்த்துப் பேசும் தேர்வு முறையாகும். 2020ஆம் ஆண்டு கொரோனா பொதுமுடக்கத்தின்போது இந்தியாவில் கல்லூரி வளாகத் தேர்வுகள் பெருமளவில் இம்முறைக்கு மாறின. பயணமும் செலவும் இல்லாததால் இது விண்ணப்பதாரருக்கு எளிதானது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் இம்முறையில் பதற்றம் மறைந்துவிடுவதில்லை. அதன் காரணங்கள்தாம் மாறுகின்றன. இந்த வேறுபாட்டைப் பெருநகரங்களைவிட மலையடிவார ஊர்களில் தெளிவாகக் காணலாம்.

போடி வட்டாரப் பின்னணி

தேனி மாவட்டத்தில் ஏலமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். மேற்கே போடிமெட்டும் குரங்கணியும் மலைமேல் உள்ளன. தென்மேற்கே தேவாரத்தை அடுத்து, நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் அறியப்பட்ட பொட்டிபுரம் உள்ளது. ஏலத்தோட்ட வேலைக்கு நாள்தோறும் ஜீப்பில் மலையேறும் குடும்பங்கள் இப்பகுதியில் பல. இக்குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரியும், 2012இல் தொடங்கப்பட்ட அரசு பொறியியல் கல்லூரியும் உயர்கல்வியை ஊருக்கு அருகிலேயே கொண்டுவந்தன. வேலைக்கான நேர்காணல்களோ பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, கோவை போன்ற நகரங்களில் நடந்தன.

மதுரை–போடி மீட்டர் பாதை, அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010ஆம் ஆண்டு இறுதியில் மூடப்பட்டது. 2023 ஜூன் 15 அன்றுதான் போடிக்கு மீண்டும் ரயில் வந்தது. அன்றே சென்னைக்கும் நேரடி ரயில் தொடங்கியது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் சென்னையில் நேர்காணல் என்றால் இரவெல்லாம் பேருந்தில் பயணம் செய்து, காலையில் முகம் கழுவிக்கொண்டு நேராக அலுவலகத்துக்குச் செல்வதே பலருக்கு வழியாக இருந்தது. மெய்நிகர் நேர்காணல் இந்தச் சுமையை நீக்கியது. அதே வேளையில், இடத்துக்கு இடம் மாறும் அலைபேசிச் சிக்னலை நம்பியிருக்க வேண்டிய நிலையையும் உண்டாக்கியது.

பதற்றத்தின் வகைகள்

நேர்காணல் பதற்றத்தை அளக்க, ஜூலி மக்கார்த்தி, ரிச்சர்ட் காஃபின் ஆகிய ஆய்வாளர்கள் 2004இல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். அது பதற்றத்தை ஐந்தாகப் பிரிக்கிறது: பேச்சு வராமல் போகுமோ என்ற அச்சம், தோற்றம் குறித்த கவலை, பழகும் முறை குறித்த தயக்கம், தோற்றுவிடுவோமோ என்ற பயம், கை நடுக்கம், வியர்வை போன்ற உடல் அறிகுறிகள். இவை ஐந்தும் இரு முறைகளிலும் தோன்றக்கூடியவை. எது முன்னால் நிற்கும் என்பது முறையைப் பொறுத்தது.

நேரடி நேர்காணலில்

பழக்கமில்லாத கட்டடம், காத்திருப்பு அறையில் சரளமாக ஆங்கிலம் பேசும் பிற விண்ணப்பதாரர்கள், உடை பற்றிய கூச்சம் ஆகியவை முதலில் தன்னம்பிக்கையைக் குறைக்கும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கும், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறுபவர்களுக்கும் இச்சுமை கூடுதல். எனினும் அறைக்குள் சென்றபின் நிலைமை மாறக்கூடும். எதிரே இருப்பவர் தலையசைப்பதும், புன்னகைப்பதும், "எந்த ஊர்?" என்று கேட்பதும் தன் பேச்சு சென்று சேர்கிறது என்ற உறுதியைத் தருகின்றன. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 1 தேர்வில் 100 மதிப்பெண்ணுக்கான நேர்முகத் தேர்வு சென்னையில் நேரில் நடத்தப்படுவதால், நேரில் பேசும் பயிற்சிக்கு இன்றும் தேவை உள்ளது.

மெய்நிகர் நேர்காணலில்

சொந்த வீடு, பழகிய நாற்காலி ஆகியவை தொடக்கத்தில் ஆறுதல் தருகின்றன. ஆனால் திரையில் தலையசைப்பு சரியாகத் தெரிவதில்லை. எதிராளியின் கண்ணைப் பார்த்தால் கேமராவைப் பார்க்க முடியாது. கேமராவைப் பார்த்தால் அவர் முகபாவம் தெரியாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெயிலன்சன் 2021இல் எழுதிய கட்டுரையில், காணொளிச் சந்திப்பின் சோர்வுக்கு நான்கு காரணங்களை முன்வைத்தார்: மிக நெருக்கத்தில் தெரியும் முகங்களின் இடைவிடாத பார்வை, சைகைகளைப் புரிந்துகொள்ளவும் புரியவைக்கவும் தேவைப்படும் கூடுதல் உழைப்பு, தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருத்தல், அசையாமல் அமர்ந்திருத்தல். தோற்றக் கவலை உள்ளவருக்கு மூன்றாவது காரணம் கண்ணாடி முன் நின்று தேர்வு எழுதுவதைப் போன்றது.

வீடும் எல்லோருக்கும் ஒன்றல்ல. தனி அறை இல்லாத வீட்டில் குக்கர் விசில், அண்டை வீட்டுத் தொலைக்காட்சி, பின்னால் தெரியும் சுவர் என ஒவ்வொன்றும் விண்ணப்பதாரரின் கவனத்தைச் சிதறடிக்கும்.

இணைப்புக் கோளாறும் தவறான மதிப்பீடும்

இம்முறையின் முதன்மையான சிக்கல், இணைப்பின் குறை மனிதரின் குறையாகப் பார்க்கப்படுவதாகும். தொலைவழி உரையாடலில் ஒலி தாமதமாக வரும்போது, மறுமுனையில் இருப்பவர் கவனமற்றவர் என்று கேட்பவர் எண்ணத் தொடங்குவதை 2014இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வு காட்டியது. காணொளியின் ஒலி–ஒளித் தரம் குறைந்தால் விண்ணப்பதாரருக்குக் குறைவான மதிப்பீடே கிடைக்கிறது என்று 2018இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. தரத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று மதிப்பிடுவோரிடம் கூறியபின்னும் இச்சாய்வு நீடித்தது.

ஆகவே மலைச்சரிவிலிருந்து பேசும் மாணவியின் பதில் இரண்டு நொடி தாமதமாகச் சென்றால், அது சிக்னலின் தாமதமாக அன்றி அவருடைய தயக்கமாகவே பதிவாகக்கூடும். எதிர்முனையின் மௌனத்தை அவரும் அதிருப்தி என்று எண்ணுவார். அந்த எண்ணம் உண்மையான தயக்கத்தை உண்டாக்கும்.

பதற்றத்தைக் குறைக்கும் வழிகள்

* தன் முகம் தெரியும் கட்டத்தை மறைத்துவிடுதல். புத்தகங்களை அடுக்கிக் கேமராவைக் கண் மட்டத்துக்கு உயர்த்துதல்.
* சிக்னல் குறைந்த இடத்தில் வசிப்போர், முன்கூட்டியே அனுமதி பெற்றுக் கல்லூரியிலோ உறவினர் வீட்டிலோ அமர்ந்து பேசுதல். நேர்காணல் நடக்கும் அதே நேரத்தில் முந்தைய நாளே இணைப்பைச் சோதித்தல்.
* பேச்சைத் தொடங்கும்போதே, "குரல் சற்றுத் தாமதமாக வரலாம், விட்டுப்போனால் சொல்லுங்கள்" என்று தெரிவித்தல். இது தாமதத்தின் காரணத்தை இரு தரப்புக்கும் தெளிவாக்கும்.
* இணைப்பு அறுந்தால் தொலைபேசியில் தொடரலாமா எனக் கேட்டல். காணொளி, தொலைபேசி, நேரடி முறைகளை ஒப்பிட்ட 2001ஆம் ஆண்டு ஆய்வொன்றில், தொலைபேசியில் பேசியவர்கள் நேரில் பேசியவர்களைவிட நல்ல மதிப்பீடே பெற்றனர்.
* நேரடி நேர்காணலுக்குச் செல்வோர் முடிந்தால் முந்தைய நாளே ஊரை அடைந்து இடத்தைப் பார்த்துவைத்தல்.

நேர்காணல் நடத்துவோருக்கும் பொறுப்பு உண்டு. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதிலின் பொருளுக்கு மட்டும் மதிப்பெண் இடுவதும், ஒரே பதவிக்குச் சிலரை நேரிலும் சிலரைத் திரையிலும் பார்ப்பதைத் தவிர்ப்பதும் சாய்வைக் குறைக்கும்.

போடியின் ஏலக்காய் ஏலமும் இன்று கணினி வழியாகவே நடக்கிறது. ஆயினும் விலை கேட்கும் முன் வியாபாரி மாதிரிக் காயைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். மெய்நிகர் நேர்காணலில் அத்தகைய மாதிரி எதுவும் கைக்கு வருவதில்லை. திரையில் தெரிவதில் எது விண்ணப்பதாரருடையது, எது இணைப்புடையது என்று பிரித்தறிவதே அங்கு நேர்மையான மதிப்பீட்டின் முதற்படியாகும்.