தேரடி வீதியைப் பார்த்து வரைதல்

ஆயில் பெயின்டிங் பழக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "யார் படத்தைப் பார்த்து வரையப் போறீங்க?" என்றுதான். பலருக்கு முகம் சுருங்கிவிடும். பார்த்து வரைவது திருட்டு என்று எங்கோ மனத்தில் பதிந்திருக்கிறது. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரை ஒட்டிய ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியர் நான். அந்த எண்ணத்தோடு மல்லுக்கட்டுவதே எனக்குப் பாதி வேலை.

ராஜா ரவிவர்மா 1862இல், 14 வயதில், திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். ஆயில் வண்ணம் தெரிந்த மதுரை இராமசாமி நாயக்கர் அந்த வித்தையைச் சொல்லித்தர மறுத்துவிட்டார். 1868இல் அங்கே வந்த ஓவியர் தியோடர் ஜென்சனும் பாடம் நடத்தவில்லை, தான் தீட்டும்போது நின்று பார்க்க மட்டும் விட்டார். பார்த்தே பிடித்துக்கொண்டார் ரவிவர்மா. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இன்றும் அனுமதி வாங்கி, மூல ஓவியத்தின் முன்னாலேயே ஈசல் போட்டு நகல் எடுக்கலாம். நகலின் அளவு மூலத்தின் அளவாக இருக்கக் கூடாது என்பது விதி.

என் மாணவர்களுக்கு நான் தருவது, பழைய தீபாவளி மலர் ஒன்றில் வந்த தேரடி வீதிப் படம். ஓட்டு வீடுகள், திண்ணைகள், பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மா, குடை பிடித்த பெரியவர், தூரத்தில் கோபுரம். ஒற்றை முகத்தை வரைந்தால் முகம் மட்டும்தான் வரும். ஆட்கள் நடமாடும் வீதியோ தூரத்தையும் வெளிச்சத்தையும் சேர்த்தே கற்றுக்கொடுத்துவிடும்.

படத்தின் மேல் ஒரு ஸ்கேலைக் கிடையாக வைத்துப் பாருங்கள். நிற்கிறவர்களின் தலைகள், கிட்டத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கும். தூரம் போகப் போகப் பாதங்கள்தான் மேலே ஏறும். ஓவியரும் அதே வீதியில் நின்று பார்த்திருக்கிறார். அவருடைய கண் மட்டம்தான் அந்தக் கோடு. பூக்கார அம்மா கோட்டுக்குக் கீழே, திண்ணைமேல் நிற்பவர் கோட்டுக்கு மேலே. இது சமதரைக் கணக்கு. எங்கள் மலையில் தெரு சரிந்தால் தலைகளும் கூடவே சரியும். அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் படம் இரட்டிப்புப் பாடம்.

கட்டம் போட்டு உருவங்களை கேன்வாஸுக்கு மாற்றியதும், பர்ன்ட் அம்பர் பழுப்பை டர்பென்டைனில் கரைத்து இருட்டான பகுதிகளை மட்டும் மெல்லிசாகப் பூசச் சொல்வேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இருட்டும் வெளிச்சமும் தனித்தனியாகப் பிரியும். கண், மூக்கெல்லாம் அப்போது வேண்டாம். தூரத்து ஆளுக்குத் தலைக்கு ஒரு தொடல், துண்டுக்கு ஒன்று, வேட்டிக்கு ஒன்று போதும். அந்த வேட்டியும் வெறும் வெள்ளை அல்ல. நிழல் விழுந்த பக்கம் நீலம் கலந்த சாம்பல். வெயில் படும் மடிப்பில் மட்டும்தான் வெள்ளை. இதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கும் நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆயில் வண்ணத்தில் இருக்கும் லின்சீட் எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது. குளிரில் இன்னும் தாமதமாகும். எண்ணெய் குறைந்த பூச்சு அடியிலும் கூடிய பூச்சு மேலேயும் வர வேண்டும், மாறினால் வெடிப்பு விடும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைக்காதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். பிரித்துக் காயவிடுங்கள், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீருக்குள் போட்டு வையுங்கள்.

நகல் முடிந்ததும் அதைச் சுவரில் மாட்டிவிட்டு, ஸ்கெட்ச் நோட்டோடு கடைத்தெருவுக்குப் போங்கள். படத்தில் கண்ட தலைக்கோட்டை அங்கே நடக்கிறவர்களிடம் தேடுங்கள். கேன்வாஸின் பின்பக்கம் எந்தப் படத்தைப் பார்த்துத் தீட்டியது என்று எழுதி, மூல ஓவியரின் பெயர் தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். முன்பக்கம் உங்கள் கையெழுத்து மட்டும் வேண்டாம்.