தாயை இழந்த குட்டிகள்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குச் செல்லும் சாலை சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஆகிய ஊர்களைக் கடந்து மேடவாக்கத்தை அடைகிறது. ஏரிகளையும் வயல்களையும் சார்ந்திருந்த இவ்வூர்களில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிவிட்டன. எனினும், இத்தகைய புறநகர்களில் எஞ்சிய மரங்களிலும் பழைய வீடுகளின் கூரைகளிலும் மரநாய் வாழ்கிறது. இரவில் இரைதேடும் அவ்விலங்கு ஊர்திகளில் அடிபட்டு இறப்பதுண்டு. இறந்தது பாலூட்டும் தாயெனில், அதன் குட்டிகள் ஏதோ ஒரு கூரையிடுக்கில் பசித்துக் கிடக்கும். குரங்கெனில், தாயின் வயிற்றைப் பற்றியவாறே குட்டி சாலையில் கிடக்கும். இறந்த விலங்கைக் கண்டு வருந்திச் செல்வோர் பலர்; குட்டி உண்டா எனப் பார்ப்போர் சிலரே.

ஆஸ்திரேலியாவில் இப்படிப் பார்ப்பது விலங்கு மீட்பின் முதற்படி. அங்கு அடிபடும் கங்காரு ஒரு பைம்மா. அதாவது, வயிற்றில் பையுடைய விலங்கு. (விலங்கைக் குறிக்கும் ‘மா’ என்னும் பழஞ்சொல் இங்கே பொருத்தமாக அமைந்துள்ளது.) சிவப்புக் கங்காருவின் குட்டி ஏறத்தாழ 33 நாள் கருவிலிருந்து, ஒரு கிராமுக்கும் குறைந்த எடையுடன் பிறக்கிறது. அது பைக்குள் ஏறி முலைக்காம்பைக் கவ்வியதும் காம்பு வாயினுள் பருத்துவிடுகிறது. இறந்த தாயிடமிருந்து இக்குட்டியை இழுத்தெடுத்தால் அதன் வாய் காயமுறும். எனவே, மீட்போர் காம்பை அறுத்துக் குட்டியோடு சேர்த்தே எடுப்பர். மயிர் முளைக்காத குட்டியைத் துணிப்பையிலிட்டு, ஏறத்தாழ 32° செல்சியஸ் வெப்பத்தில் வைப்பர்.

பாலூட்டுவது இன்னும் நுட்பமான பணி. தாய்க் கங்காரு, பைக்குள் இருக்கும் குட்டிக்கு ஒருவகைப் பாலையும் பையைவிட்டு வெளிவந்த மூத்த குட்டிக்கு வேறுவகைப் பாலையும் ஒரே காலத்தில் வெவ்வேறு காம்புகளில் சுரக்கிறது! பசும்பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை கங்காருக் குட்டிக்குச் செரிக்காது. வயிற்றுப்போக்கில் அது நலிந்து இறக்கும். இரக்கத்தோடு ஊட்டிய பாலே நஞ்சாகிவிடும்.

நம் நாட்டுக் காடுகளில் பைம்மாக்கள் இல்லை. ஆயினும், மரநாய்க் குட்டிக்கும் அணிற்குஞ்சுக்கும் பசும்பாலைப் புகட்டும் பிழை இங்கும் நிகழ்கிறது. உடல் குளிர்ந்த குட்டிக்கு எதுவும் செரிக்காது. முதலில் அதற்குத் தேவை வெதுவெதுப்பு. மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் புகும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் துணி விரித்து, அதில் குட்டியை வைத்து மூடி, ஓசையற்ற இடத்தில் வைத்துவிட்டு வனத்துறைக்குத் தெரிவிப்பதே கண்டவர் செய்யத்தக்கது.

குரங்குக்குட்டியின் நிலை சற்று வேறு. கடுந்தோட் கரவீரன் பாடிய குறுந்தொகை 69ஆம் பாடலில், துணையை இழந்த மந்தி தன் குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது. சங்கப் புலவர் கண்ட அச்சுற்றமே இன்றும் குரங்குக்குட்டிக்கு உற்ற புகலிடம். காயமில்லாத குட்டியை, அருகில் திரியும் அதன் கூட்டத்தோடு சேர்க்கவே வனத்துறையினர் முதலில் முயல்வர். வீட்டில் வளர்த்தால் அது மனிதரிடம் பழகிக் காட்டுவாழ்வை இழந்துவிடும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அவ்வாறு வளர்ப்பதற்கு இடந்தரவில்லை.

குட்டி கிடந்த இடத்தைத் துல்லியமாகச் சொல்வதும் முக்கியம். மரநாய் ஒரே ஈற்றில் பல குட்டிகளை ஈனும். ஒன்று கிடைத்த இடத்தருகே மற்றவையும் இருக்கக்கூடும்.