பையன் ஏன் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறான்?

பதினாலு வயசுப் பிள்ளை வெயிலிலும் பனியன் மேல் பனியன் போடுகிறான், கூனிக்கொண்டு நடக்கிறான். "நிமிர்ந்து நடடா!" என்று அதட்டுகிறோம். மார்பு லேசாகப் புடைத்திருப்பதை நம்மிடம் எப்படிச் சொல்வான், பாவம்!

டாக்டர்கள் இதற்கு 'கைனகோமாஸ்டியா' என்கிறார்கள். பருவ வயதில் ஹார்மோன் ஏறி இறங்குவதால் பையன்களில் பாதிப் பேருக்காவது கொஞ்சம் வந்து போகும். பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 2 வருஷத்துக்குள் தானே அடங்கிவிடும். அதனால் உடனே கத்தியைத் தேடி ஓட வேண்டாம்.

காம்புக்கு அடியில் ரப்பர் வில்லை போலத் தட்டுப்பட்டால் அது சுரப்பி. வெறும் கொழுப்பென்றால் எடை குறையக் குறையும்; சுரப்பி அப்படிக் கரையாது. சில மாத்திரைகளும், உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ கொடுக்கும் ஸ்டீராய்டு ஊசியும்கூடக் காரணமாகலாம். டாக்டர் விரையையும் பரிசோதிப்பார், அது அவசியம். ஒரு பக்கம் மட்டும் கல் போலிருந்தாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ தள்ளிப்போடாதீர்கள்.

வயசு 18 தாண்டியும் வற்றவில்லை, பிள்ளை ஒடுங்கிப் போகிறான் என்றால் ஆபரேஷனை யோசிக்கலாம். கருவட்டத்தின் ஓரமாகக் கீறிச் சுரப்பியை எடுத்து, கொழுப்பை உறிஞ்சுவார்கள். சில வாரம் இறுக்கமான உள்ளாடை போட வேண்டும். ரத்தக்கட்டு, மரத்துப்போதல், மேடுபள்ளம், தழும்பு எல்லாம் வரக்கூடும். இதையும் சர்ஜனிடம் கேளுங்கள்.

"ஆம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று அப்பா தடுப்பதும் சரியில்லை, கல்யாணத்துக்கு முன் முடித்துவிடலாம் என்று நாம் அவசரப்படுத்துவதும் சரியில்லை. உடம்பு அவனுடையது. டாக்டர் அறையில் ஐந்து நிமிஷம் அவனைத் தனியாகப் பேச விட்டு, நீங்கள் வெளியே உட்காருங்கள்.