கலியாணம் பேசும்போது விசாவையும் பேசுவோம்

எமது கிராமங்களிலே ஒரு பிள்ளைக்குக் கலியாணம் பேசி வரும்போது பெரியவர்கள் ஒன்றும் விடாமல் விசாரிப்பார்கள். குடும்பம் எப்படி, சாதகம் பொருந்துகிறதா, மாப்பிள்ளை குடிப்பவரா, சீதனம் என்ன கேட்கிறார்கள் என்று கேள்விகள் நீளும். 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் எமது இளைஞர்கள் பெருந்தொகையாக நாட்டைவிட்டு வெளியேறியதிலிருந்து, 'மாப்பிள்ளை எந்த நாடு?' என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. 'கனடா' என்றோ 'லண்டன்' என்றோ பதில் வந்தால் பலருக்கு அத்தோடு திருப்தி. எந்த விசாவில் பிள்ளை போகப்போகிறாள், போய் இறங்கிய அன்று அவளுக்கு அங்கே என்ன உரிமை இருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு.

விதைப்புக்கு முன்னர் நாம் மூன்று மாத நெல்லா, மூன்றரை மாத நெல்லா, குளத்துத் தண்ணீர் காணுமா என்று யோசிக்காமல் வயலில் இறங்குவதில்லை. ஒரு பிள்ளையின் வாழ்வைத் தீர்மானிக்கும் விடயத்தில் அந்த அளவு யோசனையாவது வேண்டாமா? பேசிச் செய்யும் கலியாணமானாலும், இருவரும் விரும்பிச் செய்வதானாலும், போவது பெண்ணானாலும் ஆணானாலும், பின்வருவன பொருந்தும்.

எங்கே தாலி கட்டுவது?

'பிள்ளையை அனுப்புங்கள், கலியாணத்தை இங்கே வைப்போம்' என்று மாப்பிள்ளை பகுதியார் சொல்வதுண்டு. இது எல்லா நாட்டுக்கும் சரிவராது.

பிரித்தானியாவிலே திருமணம் செய்யப் போகிறவர்களுக்கென ஒரு விசா உண்டு. அது ஆறு மாதங்களுக்கு உரியது. அந்த ஆறு மாதத்துக்குள் திருமணம் முடிக்க வேண்டும். அதுவரை வேலை செய்ய முடியாது. பின்னர் மனைவி என்ற முறையில் மறுபடியும் விண்ணப்பித்து மறுபடியும் கட்டணம் செலுத்த வேண்டும். அவுஸ்திரேலியாவிலும் இத்தகைய விசா உண்டு. அது ஒன்பது முதல் பதினைந்து மாதங்கள் வரை செல்லுபடியாகும், வேலை செய்யலாம். ஆனால் அதற்குள் திருமணம் செய்து அடுத்த விசாவுக்கு விண்ணப்பித்தாக வேண்டும்.

கனடாவிலோ அப்படியொரு விசா இல்லை. முதலில் சட்டப்படி திருமணம், பின்னர்தான் மனைவிக்கான விண்ணப்பம். மாப்பிள்ளை வர முடியாது என்று தொலைபேசியிலோ, வேறொருவரை அவருக்குப் பதிலாக நிறுத்தியோ செய்யும் பதிவை, 2015 யூன் 11 முதல் கனடா குடிவரவுக்குப் பொதுவாக ஏற்றுக்கொள்வதில்லை. இருவரும் நேரில் நின்று கையொப்பமிட வேண்டும். ஆகவே நாள் வைக்குமுன் நாட்டின் விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இறங்கிய அன்று என்ன உரிமை?

கனடாவுக்கு இங்கிருந்து விண்ணப்பித்து மனைவியாகப் போகிறவர் அங்கே இறங்கும்போதே நிரந்தர வதிவிட உரிமை பெறுகிறார். 2012 ஒக்ரோபரிலே, புதிதாக மணம் செய்து வருவோர் இரண்டு ஆண்டுகள் கணவனோடு வாழ்ந்தால்தான் அந்த உரிமை நிலைக்கும் என்ற நிபந்தனை கொண்டுவரப்பட்டது. அடிபட்டுக்கொண்டு அடங்கியிருக்கும் நிலைக்குப் பெண்களை அது தள்ளுகிறது என்ற கண்டனத்தின் பின் 2017 ஏப்ரலில் நீக்கப்பட்டது. இன்றும் சிலர் 'இரண்டு வருடம் பொறுத்துக்கொள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்' என்று வெருட்டுவதுண்டு. அது பழைய கதை.

பிரித்தானியாவுக்கு மனைவியாகப் போகிறவருக்கு முதலில் 33 மாத அனுமதியே கிடைக்கிறது. பின்னர் 30 மாத நீடிப்பு. ஐந்து ஆண்டுகள் நிறைந்த பின்னரே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு படியிலும் உறவு உண்மையானது என்றும், வருமானம் உண்டு என்றும் காட்ட வேண்டும். போகுமுன் ஆரம்ப நிலை ஆங்கிலப் பரீட்சை, பின்னர் அதிலும் கூடிய நிலைகள். காசநோய்ப் பரிசோதனையும் இங்கேயே செய்யவேண்டும். காத்திருக்கும் மாதங்களை ஆங்கிலம் படிப்பதில் செலவிடும் பெண், விசாவுக்காக மாத்திரம் படிக்கவில்லை. அங்கே வைத்தியரோடும் பொலிசாரோடும் தானே பேசுவதற்காகவும் படிக்கிறாள்.

அவுஸ்திரேலியாவிலே ஒரே விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில் தற்காலிக விசா. விண்ணப்பித்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளின் பின் நிரந்தர விசா பரிசீலிக்கப்படும்.

கூப்பிடுகிறவருக்குத் தகுதி உண்டா?

அந்த நாட்டில் இருப்பதாலேயே ஒருவர் மனைவியைக் கூப்பிட முடியாது. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிட உரிமை வேண்டும். அகதி விண்ணப்பம் கொடுத்து இன்னும் முடிவுக்குக் காத்திருப்பவரால் மூன்று நாடுகளிலும் கூப்பிட இயலாது. இதைக் கேட்பது அவமரியாதையல்ல. எமது காணி உறுதியை அவர்கள் பார்க்கலாம் என்றால், அவர்களது வதிவிட அட்டையை நாமும் பார்க்கலாம்.

பிரித்தானியாவிலே கூப்பிடுகிறவரின் ஆண்டு வருமானம் 2012 முதல் 18,600 பவுணாக இருக்க வேண்டியிருந்தது. 2024 ஏப்ரல் 11இல் அது புதிய விண்ணப்பங்களுக்கு 29,000 பவுணாக உயர்த்தப்பட்டது. கனடாவிலே மனைவியைக் கூப்பிடப் பொதுவாக இவ்வளவு வருமானம் என்ற எல்லை இல்லை. ஆனால் வலது குறைவு காரணமாக அன்றி வேறு காரணத்துக்காக அரசின் சமூக உதவிப் பணம் பெறுபவர் கூப்பிட முடியாது. மனைவியை மூன்று ஆண்டுகள் பராமரிப்பேன் என்று அவர் எழுதிக்கொடுக்கிறார். இடையில் பிரிந்தாலும் அந்தப் பொறுப்பு அவரை விடாது.

இரண்டாம் தாரமாகப் போகிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். மணமுறிவு சட்டப்படி முடிந்துவிட்டதா? முன்னைய மனைவியைக் கனடாவுக்குக் கூப்பிட்டு மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டனவா? அவரே ஒரு மனைவியாலோ கணவனாலோ கூப்பிடப்பட்டு வந்தவரென்றால், நிரந்தர உரிமை பெற்று ஐந்து ஆண்டுகள் கழிந்தனவா? இவற்றுக்கு விடை தெரியாமல் நாள் வைக்கக்கூடாது.

குறுக்கு வழி

'சுற்றுலா விசாவில் போய், அங்கிருந்தே மாற்றலாம்' என்று தரகர் சொல்வார். பிரித்தானியாவில் பார்வையாளராக நிற்பவர் அங்கிருந்தே மனைவி விசாவுக்கு மாற முடியாது. அவுஸ்திரேலியாவில் உள்ளிருந்து விண்ணப்பிக்க வழியுண்டு. ஆனால் 'மேலும் தங்கக்கூடாது' என்ற நிபந்தனையோடு வந்த விசாவென்றால் அந்த வழி பொதுவாக அடைபட்டுவிடும். கனடாவிலும் உள்ளிருந்து விண்ணப்பிக்கலாம். ஆனால் வெளியிலிருந்து செய்த விண்ணப்பம் மறுக்கப்பட்டால் கணவன் அங்கே மேன்முறையீடு செய்யும் உரிமை பொதுவாக உண்டு. உள்ளிருந்து செய்ததற்கு அது இல்லை.

பொய்யான பத்திரம் பிடிபட்டால் கனடா ஐந்து ஆண்டுகளுக்கும், பிரித்தானியா பத்து ஆண்டுகள் வரைக்கும் கதவைச் சாத்தலாம். தரகர் எழுதிய பொய்க்கும் கையொப்பமிட்டவரே பொறுப்பு. எனவே விண்ணப்பத்தைப் போகும் பிள்ளை தானே வாசிக்க வேண்டும். விளங்காவிட்டால் படித்த ஒருவரைக்கொண்டு வாசித்துக் கேட்கவேண்டும். வெற்றுத்தாளில் கையொப்பம் வைக்கவே கூடாது.

பத்திரங்கள்

பலமுறை இடம்பெயர்ந்த எமது குடும்பங்களிலே பெட்டியோடு பத்திரங்களும் போய்விட்டன. பிறப்புப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பெறலாம். பிறப்புப் பதிவே இல்லாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழ் பெற வழியுண்டு. கலியாணம் பேசத் தொடங்கும்போதே இந்த வேலையையும் தொடங்கவேண்டும். அடையாள அட்டையில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் வேறு எழுத்து என்றிருந்தால் முன்கூட்டியே திருத்துங்கள். சடங்குப் படங்கள் எத்தனை இருந்தாலும் பதிவாளரின் திருமணச் சான்றிதழுக்கு அவை ஈடாகா. இருவரும் பேசிய தொலைபேசி விபரம், எழுதிய கடிதம், பணம் அனுப்பிய பற்றுச்சீட்டு, அவர் இங்கு வந்துபோன விமானச் சீட்டு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

காணியை என்ன செய்வது?

அவுஸ்திரேலிய மனைவி விசாவின் அடிப்படைக் கட்டணம் 2025 யூலையில் 9,365 டொலராக உயர்ந்தது. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அந்தக் கட்டணம் பொதுவாகத் திரும்பி வராது. இத்தகைய செலவுக்கும் சீதனத்துக்குமாக, விசா வருமுன்னரே வயலை விற்றுவிடும் குடும்பங்கள் உண்டு. மீள்குடியேறிக் காடு வெட்டி மறுபடி எடுத்த வயல் அது. கட்டணம் கூப்பிடுகிறவரின் பொறுப்பு என்று பேச்சிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். அரச அனுமதிப்பத்திரக் காணியை அனுமதியின்றி விற்பது சட்டப்படி செல்லாது.

காணியைப் பிள்ளையின் பெயருக்கு எழுதும்போதும் ஒன்றை நினைவில் வையுங்கள். தேசவழமைக்கு உட்பட்ட பெண், திருமணத்தின் பின் தன் பெயரிலுள்ள காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கிடைக்காவிட்டால் நீதிமன்றம் போக நேரும். எழுதுமுன் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

உறவு முறிந்தால்?

நல்ல காரியம் பேசும் இடத்தில் இதைப் பேசுவது அபசகுனம் என்பார்கள். ஆனால் பேசாமல் அனுப்பிய பிள்ளை, ஆயிரக்கணக்கான மைல்களுக்கப்பால் தனியே அறையில் இருந்து அழும்போது எந்தச் சகுனமும் உதவாது. கனடாவில் உண்மையான திருமணத்தின்மூலம் நிரந்தர உரிமை பெற்றவர், கணவனைப் பிரிந்தார் என்பதற்காக அதை இழப்பதில்லை. பிரித்தானியாவில் குடும்ப வன்முறையால் உறவு முறிந்தால், மனைவி விசாவில் இருப்பவர் தனியாகவே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். அவுஸ்திரேலியச் சட்டத்திலும் வன்முறைக்கு உள்ளானவருக்கு நிரந்தர விசா வழங்க இடமுண்டு. இதைத் தெரிந்து போகிற பிள்ளையை வெருட்டி அடக்குவது இலகுவல்ல. கடவுச்சீட்டு அவள் கையிலேயே இருக்கட்டும். பத்திரங்களின் ஒரு பிரதி இங்கே வீட்டில் இருக்கட்டும்.

விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுபவை. விண்ணப்பிக்கும் நாளில் உள்ளதை அந்தந்த அரசின் அறிவித்தலிலேயே பாருங்கள். மாப்பிள்ளை நல்லவராக இருக்கலாம், பெரும்பாலானோர் நல்லவர்களே. நல்லவர் என்றால் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார். அடுத்த முறை வீட்டு விறாந்தையில் பாய் விரித்துக் கலியாணம் பேசும்போது, போகப்போகிற பிள்ளையையும் பக்கத்தில் இருத்துங்கள். முதற் கேள்வியை அவளே கேட்கட்டும்.