கோழிகளுக்குக் காணும் பறவைக் காய்ச்சல்: பரவும் விதமும் தடுக்கும் முறையும்

மாலையில் நன்றாக மேய்ந்து கூட்டில் அடைந்த கோழிகள் விடியற்காலையில் மாண்டு கிடக்கக் கண்டால், குடியானவர் அதனைத் திருஷ்டியென்றோ பருவக்கோளாறென்றோ எண்ணி வாளாவிருத்தல் கூடாது. பறவைக் காய்ச்சல் அவ்வாறும் தோன்றுவதுண்டு. 1878-ம் வருஷத்தில் இத்தாலி தேசத்துப் பெரோஞ்சிட்டோ என்னும் அறிஞர் இந்நோயை விவரித்தார். இன்புளூயன்ஸா இனத்து வைரஸ் கிருமியே இதற்குக் காரணமென்பது 1955-ம் வருஷத்தில் நிச்சயமாயிற்று.

இக்கிருமி நோயுற்ற பறவையின் எச்சத்திலும் எச்சிலிலும் மூக்குச் சளியிலும் ஏராளமாக வெளிப்படுகிறது. காட்டு நீர்ப்பறவைகளும் வாத்துகளும் நோய்க்குறி யாதுமின்றியே இதனைச் சுமந்து திரிதல் கூடும். அவை எச்சமிட்ட குட்டைநீரை அருந்தும் கோழிகளுக்கு நோய் தொற்றும். ஆயினும் ஒரு பண்ணையிலிருந்து மற்றொரு பண்ணைக்கு இதனைக் கொண்டு செல்வோர் பெரும்பாலும் மனிதரே. எச்சம் படிந்த கூண்டு, முட்டைத் தட்டு, வண்டிச் சக்கரம், காலணி ஆகியவை கிருமிக்கு வாகனங்களாகின்றன.

இவ்வுண்மையை ஹாங்காங் நகரம் 1997-ம் வருஷத்தில் பெருநஷ்டமடைந்து கற்றது. வருஷத் தொடக்கத்தில் அங்குச் சில பண்ணைகளில் கோழிகள் மடிந்தன. வருஷ முடிவுக்குள் 18 மனிதருக்கு நோய் கண்டது. அவர்களுள் 6 பேர் இறந்தனர். உயிருள்ள பறவைகளை விற்கும் சந்தைகளில் கோழி, வாத்து, காடை யாவும் அடுத்தடுத்த கூண்டுகளில் அடைக்கப்பட்டமையால் கிருமி அங்கேயே நிலைபெற்றிருந்தது. டிசம்பர் 29-ந் தேதி தொடங்கிச் சில நாட்களில் 10 லட்சத்திற்கு மேற்பட்ட கோழிகள் கொல்லப்பட்டன. மனிதருக்கு நோய் காண்பதும் அத்துடன் நின்றது. பின்னர் வாத்துகள் கோழிச் சந்தையினின்று பிரிக்கப்பட்டன. 2001 முதல் மாதம் ஒரு நாள் சந்தைகளைக் காலிசெய்து கழுவும் வழக்கமும் ஏற்பட்டது.

இந்தியாவில் இந்நோய் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்து நவாபூரில் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது. ஆதலின் நம் குடியானவர்களும் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ளுதல் நலம்.

1. சந்தையில் விலைபோகாமல் மீண்ட கோழியையும், புதிதாக வாங்கிய கோழியையும் இரண்டு வாரமாவது தனியே வைத்த பின்னரே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும்.

2. கோழிகளையும் வாத்துகளையும் ஒருங்கே வளர்த்தல் ஆகாது. தீனியும் தண்ணீரும் காட்டுப் பறவைகளுக்கு எட்டாதவாறு வைக்க வேண்டும்.

3. வியாபாரியின் கூண்டுகளைக் கொட்டிலருகே அனுமதித்தல் கூடாது. தம்முடைய கூண்டுகளை எச்சம் நீங்கச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, வெயிலில் உலர்த்த வேண்டும்.

கொண்டையும் தாடியும் நீலம் பாரித்தல், தலை வீங்குதல், முட்டை திடீரெனக் குறைதல் ஆகியவை நோயின் குறிகள். ராணிகேத் எனப்படும் வெள்ளைக்கழிச்சலிலும் இவற்றுட் சில காணுமாதலால், பரிசோதனையின்றி வேறுபாடு அறிதல் அரிது.

இச்சமயத்தில் எஞ்சிய கோழிகளைக் கிடைத்த விலைக்கு இரவோடிரவாக விற்றுவிடுவோர் உண்டு. சில ரூபாயைக் காப்பாற்ற எண்ணி அவர்கள் செய்யும் இக்காரியம் பல கிராமங்களின் கோழிகளை அழித்துவிடும். இந்நோய்க்குப் பறவைகளிடத்துச் சிகிச்சை இல்லை. மடிந்தவற்றை வெறுங்கையால் தொடாமலும் குளத்தில் எறியாமலும், உடனே கால்நடை மருந்தகத்திற்கு அறிவிக்க வேண்டும். நோய் உறுதியானால் சுற்றிலும் 1 கிலோமீட்டருக்குள் உள்ள கோழிகள் கொல்லப்படும். அவற்றிற்குச் சர்க்கார் நஷ்டஈடு அளிக்கின்றனர். முதல் நாளில் அறிவிக்கும் குடியானவர் தம் கொட்டிலை இழப்பினும் தம் ஊரைக் காத்தவராவார்.