பிழைப் பக்கமும் தமிழ் பேசட்டும்

'பிழைத்தான்' என்றால் தவறு செய்தான் என்றும் பொருள், உயிர் தப்பினான் என்றும் பொருள். இணையத்தில் வரும் பிழைப் பக்கத்துக்கு இரண்டுமே பொருந்தும். நான் கணினி படித்தவனல்ல, வியாபாரி. கேட்டும் படித்தும் விளங்கிக் கொண்டதைச் சொல்கிறேன்.

வலைத்தளத்தில் இல்லாத பக்கத்தைக் கேட்டால், சர்வர் 404 என்ற எண்ணை அனுப்பும். கேட்டது காணோம் என்பது அதன் பொருள். தளத்துக்காரர் ஒன்றும் செய்யாவிட்டால், திரையில் 'நாட் ஃபவுண்ட்' என்ற ஆங்கில வரிதான் வரும்.

செகந்திராபாத் ஜெனரல் பஜாரில் கடையை மாற்றுகிறவர், பழைய ஷட்டரில் புது விலாசத்தை எழுதி ஒட்டாமல் போவாரா? ஒட்டாவிட்டால், கடையே போச்சு என்று வாடிக்கைக்காரர் நினைத்துக் கொள்வார். பிழைப் பக்கம் அந்த ஷட்டர் எழுத்துதான்.

தமிழ்ப் பக்கங்கள் காணாமல் போகப் பல காரணங்கள். 2009 அக்டோபரில் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது, அங்கிருந்த தமிழ்ப் பக்கங்களுக்கான சுட்டிகளும் அறுந்தன. தமிழிலேயே முகவரி வைத்தால் இன்னொரு சங்கடம். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். முகவரியில் அது 9 எழுத்தாக விரியும். 'மு' என்பது மகரமும் உகரக் குறியும் சேர்ந்தது, ஆக 18. இந்த நீள முகவரி மின்னஞ்சலில் பாதியில் வெட்டுப்பட்டால் 404தான்.

அப்பாச்சி சர்வரில் பரிகாரம் எளிது. அறிவிப்புப் பக்கம் ஒன்றை எழுதி, தளத்தின் முதல் அடுக்கில் வையுங்கள். புள்ளியில் தொடங்கும் 'எச்டிஆக்சஸ்' கோப்பில், ஆங்கில எழுத்தில் 'எரர்டாக்குமென்ட்' என்று சேர்த்தெழுதி, இடம் விட்டு 404, மறுபடி இடம் விட்டுச் சாய்கோடு, அதையொட்டிப் பக்கத்தின் பெயர். அவ்வளவுதான். படங்களின் பாதையும் சாய்கோட்டில் தொடங்க வேண்டும். இல்லையேல் உள்ளடுக்கு முகவரிகளில் படம் வராது.

ஒரு எச்சரிக்கை. சாய்கோட்டுக்குப் பதில் 'எச்டிடிபி' எனத் தொடங்கும் முழு முகவரியைத் தந்தால், சர்வர் 404 சொல்லாமல் ஆளை வேறிடம் திருப்பிவிடும். பக்கம் இல்லை என்ற உண்மை தேடுபொறிக்குத் தெரியாது. எல்லாரையும் முகப்புக்கே தள்ளிவிடுவதும் இதே பொய்தான். இடம் மாறிய பக்கத்துக்கு 301, ஒரேயடியாக நீக்கியதற்கு 410 என்று தனி எண்கள் இருக்கின்றன.

பக்கத்தில் என்ன எழுதுவது? 'நீங்கள் தேடியது இங்கில்லை' என்று தமிழில் ஒரு வரி, தேடற் பெட்டி, பொருளடக்கத்துக்கு வழி. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் ஒரு வரி. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைப் பாருங்கள். இல்லாத கட்டுரையைத் தேடினால், இல்லை என்று தமிழிலேயே சொல்லி, நீங்களே எழுதலாமே என்று கூப்பிடுகிறது.

வெளி மாநிலத்தில் வளரும் நம்ம பசங்களுக்குப் பள்ளியில் தமிழ் கிடைப்பது அபூர்வம். பலருக்கு இணையம்தான் வாசல். ஆசையாய் ஒரு பாட்டைத் தேடி வந்த பிள்ளை அங்கே ஆங்கில வரி ஒன்றைப் பார்த்தால், தமிழில் அது கிடையாது என்று முடிவு கட்டிப் போய்விடும். தளம் நடத்தும் சங்கத்தார் தம் முகவரிக்குப் பின்னால் இல்லாத பெயர் ஒன்றை இன்றே தட்டிப் பார்க்கட்டும். வருகிறவருக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.